மேற்கே மூன்று டிகிரி

12 ஜனவரி 2004, திங்கள்

பனி. ஆம்பூர் ஸ்டேஷனில் எட்டு மணிக்கும் எதிர் பிளாட்பாரம் தெரியவில்லை. வண்டி தாமதம். வாணியம்பாடியில் இறங்கிக் கல்லூரிக்கு ஓட்டமும் நடையும். முதல் பீரியட் கம்ப்யூட்டர் லேப், நல்லவேளை மாணவிகளும் தாமதம்.

பதினொரு மணிக்கு நஸ்ரீன் வந்தாள். பிசிக்ஸ் லெக்சரர், என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஆறு வருடமாகப் பக்கத்து நாற்காலி.

"பெட்டி வந்துடுச்சு ஹெலன். மூணு பெட்டி."

விஷயம் இது. தோல் வாங்க வருகிற ஜெர்மன்காரர் ஒருவர் தன் பழைய டெலஸ்கோப்பை நஸ்ரீனின் தாய்மாமன் ரஹீம் பாய் மூலமாகக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினால் மோட்டார் தானே குழாயைத் திருப்பி அந்த நட்சத்திரத்தைக் காட்டுமாம். குழாய், லென்ஸ் எல்லாம் நஸ்ரீன் பாடு. கம்ப்யூட்டர் என் பாடு.

ரஹீம் பாய் ஊர்ப் பிறைக் கமிட்டியில் இருக்கிறார். மாதம் இருபத்தொன்பதாம் நாள் மாலை மேற்கே பிறை தெரிகிறதா என்று பார்த்துச் சொல்கிறவர்கள். பள்ளிவாசல் மாடியிலிருந்து பார்த்தால் இப்போது மேற்கே புதுக் கட்டடம் மறைக்கிறது. எங்கள் கல்லூரி மாடிதான் உயரம். இந்த மாதம் இருபத்தொன்பது 22ஆம் தேதி வியாழன். அன்று பார்க்கிற பிறையை வைத்துத்தான் பக்ரீத் கணக்கு. நஸ்ரீன் மாமாவிடம் போய்ப் பேசி, கமிட்டியை இங்கே வரவழைக்கச் சம்மதம் வாங்கிவிட்டாள். பாய் சொன்னது: "பாக்குறது நம்ம கண்ணுதான். மிஷின் எங்க பாக்கணும்னு காட்டட்டும், போதும்."

பத்து நாள் இருக்கிறது.

கையேடு முழுவதும் ஜெர்மன். எண்கள் மட்டும் புரிகின்றன.

13, செவ்வாய்

லேப்டாப்பும் ஜெர்மன்காரருடையதே. ப்ரோக்ராமும் ஜெர்மன். படம் பார்த்து, அகராதி பார்த்து, ஊகம் செய்து. அவர் ஊர்க் கணக்கு எல்லாவற்றையும் அழித்து நம் கணக்கு போட்டேன்:

கிழக்கு 78,6
வடக்கு 12,7
நேரம் +5,30 (அவருடையது 1,0 என்று இருந்தது)
தேதி, மணி: ரேடியோ செய்தி நேரத்தோடு சரிபார்த்தது

அவர்கள் ஊரில் புள்ளிக்குப் பதில் கமா. இதைக் கண்டுபிடிக்கவே அரைமணி.

கேபிள் செருகினால் "இணைப்பு இல்லை" மாதிரி ஏதோ செய்தி. இரண்டு துளைகள் ஒரே மாதிரி. மாற்றிச் செருகியதும் மோட்டார் மிக்ஸி மாதிரி கத்தியது. நஸ்ரீன் பின்னால் குதித்தாள். இருவரும் சிரித்தோம்.

அடுத்த தொல்லை. மோட்டார் சுழலும் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் தரையோடு ஒட்டி, பதின்மூன்று டிகிரி கூட இல்லை. அச்சைச் சாய்க்கும் ஜெர்மன் திருகு இருபது டிகிரிக்குக் கீழே இறங்கவே இறங்காது. தெற்குக் காலுக்கு அடியில் செங்கல் வைத்துச் சாய்த்தோம். மீதி உயரத்துக்கு என் வீட்டுக்காரர் சாமுவேல் தன் ஷூ கம்பெனியிலிருந்து அடித்தோல் வெட்டுத் துண்டுகள் கொண்டுவந்தார். ஏழு துண்டு. கச்சிதம்.

"இன்னா ஹெலன், ஆராய்ச்சி நிலையமே என் ஷூ சோல்ல நிக்கிது" என்கிறார். அவர் அங்கே டைம் ஆபீசில், வேலை நேரக் கணக்கு எழுதுகிறவர்.

14, புதன், போகி

கல்லூரி லீவு. பிரின்ஸிபலிடம் தனியாக அனுமதி. ஊரெல்லாம் டயர் எரித்த புகை, ஐந்து மணிக்கு மேல் கொஞ்சம் தெளிந்தது.

கால்கள் நின்ற இடத்தில் சிவப்பு பெயின்ட் குறி. மாடியில் விட்டுப்போக முடியாது, பனியில் நனையும். அதனால் தினமும் ஏற்றி, குறிமேல் வைத்து, குழாயைத் துருவத்துப் பக்கம் நேராக்கி, அங்கிருந்து ஆரம்பம்.

மாலை 6.30. மேற்கே சுக்கிரன் பளீரென்று. பெயரைத் தட்டினேன். குழாய் கம்பீரமாகத் திரும்பி நின்றது. நஸ்ரீன் குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல."

நான் பார்த்தேன். ஒன்றுமில்லை. மேலே ஒட்டியிருக்கும் குட்டிக் குழாயில் பார்த்தால் சுக்கிரன் ஓரத்தில். மோட்டாரை நகர்த்தும் கைப்பெட்டியை அமுக்கி நடுவுக்குக் கொண்டுவந்து, "இதுதான் அது" என்று சொல்கிற பொத்தானை அமுக்கினேன். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் நடுவில் காட்டியது. சனியைக் கேட்டோம். வளையத்தோடு நடுவில் வந்து உட்கார்ந்தது.

நஸ்ரீன் ரொம்ப நேரம் எடுக்கவில்லை கண்ணை.

முதலாவது மட்டும் ஏன் தப்பு? குறிமேல் வைத்ததில் பிசகு என்றாள். இருக்கலாம்.

16, வெள்ளி

நேற்று பொங்கல், போகவில்லை. அத்தை வீட்டு விருந்தாளிகள், அடுப்படி.

இன்று கேமரா. பெரிய குழாயின் முதுகில் சின்னக் குழாய், அதில் ஒரு வெப் கேமரா. அது நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நட்சத்திரம் கட்டத்தை விட்டு நகர்ந்தால் மோட்டாருக்குச் சொல்லி நகர்த்திப் பிடித்து நிறுத்தும். பார்க்க வரும் பத்துப் பேரும் வரிசையில் நின்று பார்க்கும்வரை பிறை ஒரே இடத்தில் நிற்க வேண்டுமே, அதற்காக.

நட்சத்திரம் இடதுபக்கம் கொஞ்சம் நகர்ந்தது. கேமரா திருத்தியது. இன்னும் இடது. மறுபடி திருத்தியது. இன்னும் இன்னும் இடது, திரையை விட்டே போய்விட்டது. பிடிக்கச் சொன்னால் துரத்துகிறது.

ஒரு மணி நேரம். கடைசியில் கேமரா தலைகீழாகச் செருகியிருந்தது. திருப்பினேன். பிறகும் மேல் கீழ் சரி, இடம் வலம் தப்பு. ப்ரோக்ராமில் ஏதோ ஒரு டிக் போட்டேன், எதற்கென்று தெரியாது. நின்றது.

எதனால் நின்றது என்று தெரியாமல் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. நஸ்ரீனுக்குப் பிடித்திருக்கிறது. "நிக்கிதுல்ல, உடு."

18, ஞாயிறு

கோயில். பிரசங்கம் நடக்கும்போது மனம் முழுக்க செங்கல். மத்தியானம் தூக்கம். முருங்கைக்கீரையில் பூச்சி, பாதி வீண்.

19, திங்கள்

குறிமேல் குண்டூசி முனை அளவும் பிசகாமல் வைத்தேன். நூல் குண்டு தொங்கவிட்டுப் பார்த்தேன். துருவ நட்சத்திரம் சரி.

முதலில் சுக்கிரன்: தப்பு. சுக்கிரன் மேலே இருக்கிறது, குழாய் கீழே நிற்கிறது.
எல்லாவற்றையும் அணைத்து, குழாயைத் துருவத்துக்கு நேராக்கி, முதலிலிருந்து. இந்தத் தடவை முதலில் கிழக்கே சனி: தப்பு. ஆனால் சனி கீழே, குழாய் மேலே.

ஒருபக்கம் மேலே, மறுபக்கம் கீழே. கால் தாழ்ந்திருந்தால் இப்படி வருமா? தாளில் வரைந்தேன். வரைந்ததை நஸ்ரீன் திருப்பி வரைந்தாள். இரண்டு பேர் படமும் பொருந்தவில்லை.

எவ்வளவு தப்பு என்று அளந்தோம். மேற்கில் மூன்று டிகிரி. கிழக்கிலும் மூன்று. நிலாவை ஆறு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவோ அவ்வளவு.

"பிசகுன்னா ஒரு தடவை ஜாஸ்தி ஒரு தடவை கம்மி இருக்கணும்" என்றேன். "ரெண்டு தடவையும் மூணேவா?"

"ஹெலன், இன்னும் மூணு நாள்தான். முதல்ல சுக்கிரனக் காட்டி, இதுதான் அதுன்னு சொல்லிட்டு, அப்பறம் பிறைக்குப் போலாம். சரியா வருது இல்ல?"

வருகிறது. சரி.

21, புதன்

ரஹீம் பாய் ஒத்திகை பார்க்க வந்தார். அறுபது வயது, தோல் மண்டி வைத்திருப்பவர், மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினார். சுக்கிரன், பிறகு சனி. சனியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து வெறும் கண்ணால் அதே இடத்தைப் பார்த்தார், மறுபடி குனிந்தார்.

நஸ்ரீனிடம் உருதுவில் ஏதோ. அவள் முகம் சிவந்தது. அவர் போனபிறகு சொன்னாள்: "கமிட்டியில ஒரு பொம்பள பேச்ச எடுத்துட்டுப் போனது இதான் முதல் தடவையாம். அங்க சிரிச்சவங்களும் உண்டாம். நாளைக்கு அவங்களும் வர்றாங்க."

வீட்டில் சாமுவேலிடம் சொன்னேன். "உனக்கு ஏன் இவ்ளோ கவலை, அவங்க விசேஷம்தானே" என்றார். செட்டிங் எழுதிய தாளை எடுத்து இன்னொரு தடவை படித்தேன்.

22, வியாழன்

இப்போது ஒன்பது மணி. வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வரும்.

நாலரைக்கு மாடி ஏறினோம். மேலே முழுக்க மேகம். மேற்கே மலைக்கோட்டுக்கு மேல் மட்டும் ஒரு கை அகலம் தெளிவு.

சூரியன் மறைகிறவரை குழாய் மூடியைத் திறக்கவில்லை, அது நஸ்ரீன் சட்டம். பாங்கு கேட்டது. கமிட்டிக்காரர்கள் மாடியிலேயே தொழுதார்கள். ஏழு பேர். நானும் நஸ்ரீனும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்.

சுக்கிரன் இல்லை. மேகத்துக்குள். சனி இல்லை. ஒரு நட்சத்திரம்கூட இல்லை. "இதுதான் அது" என்று சொல்ல எதுவுமே இல்லை.

"குறியை நம்பிப் போ" என்றாள் நஸ்ரீன். "இன்னிக்கு நூல் புடிச்சு வச்சியே."

6.25. நிலா என்று தட்டினேன். குழாய் போய் நின்றது. ரஹீம் பாய் சொன்னார்: "ரொம்பக் கீழ இருக்குதே."

நஸ்ரீன் குனிந்தாள். நான் இரண்டு மூச்சு விடுவதற்குள் சொன்னாள்: "இருக்கு."

எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"மெல்லிசா. மேல்பக்கம் பாத்து வளஞ்சு. மாமு, இருக்கு."

என்னைப் பிடித்து இழுத்தாள். பார்த்தேன். ஆமாம், ஒரு வெளிச்சக் கீற்று. தலைமுடி கனம். இரண்டு ஓரமும் மேலே தூக்கி. ஆனால் நடுவில் இல்லை, மேல் விளிம்பில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே நகர்ந்து, விளிம்பில் பாதி மறைந்து, போய்விட்டது.

பாய் குனிந்தபோது ஒன்றுமில்லை. மற்றவர்கள் வெறும் கண்ணால் அந்தத் திசையைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. நான் கைப்பெட்டியில் மேலே கீழே தேடினேன். அதற்குள் கீழ் வானமும் மங்கிவிட்டது.

கமிட்டியில் ஒருவர் கேட்டார்: "பாத்தது நிச்சயமா?"

"நிச்சயம்" என்றாள் நஸ்ரீன். "என் கண்ணால பாத்தேன். சாட்சி சொல்றேன்."

ரஹீம் பாய் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், மிஷின் உங்க கைலதான இருந்துச்சு. நீங்களும் பாத்தீங்க. பிறைதானா?"

ஆமாம் என்று வாய்வரை வந்தது. நஸ்ரீன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னேன்: "ஒரு கீத்து பாத்தேன் பாய். ஆனா அது நகர்ந்துச்சு. நிலான்னா மோட்டார் புடிச்சு நிறுத்தியிருக்கணும். மோட்டார் தப்பா, இல்ல பாத்தது வேற எதுவோவான்னு எனக்குத் தெரியல."

"தெரியலயா."

"தெரியல பாய்."

அவர் கமிட்டிப் பக்கம் திரும்பினார். மற்றவர்களிடம் பேசினார். வேறு ஊர்களிலிருந்தும் செய்தி இல்லையாம். முப்பது பூர்த்தி செய்கிறோம் என்று முடிவு. நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

நஸ்ரீன் கேபிளைச் சுற்றவில்லை. பையை எடுத்தாள். "இத்தன நாளா நின்னுச்சு உன் மோட்டார். இன்னிக்கு மட்டும் தெரியலயா?" என்றாள். போய்விட்டாள்.

அந்த டிக். எதற்கென்று தெரியாமல் போட்ட டிக். அதுதான் கெடுத்ததா? அப்படியானால் அவள் பார்த்தது பிறை, கெடுத்தது நான்.

23, வெள்ளி

தூக்கம் சரியில்லை. காலையில் காபி குடித்துக்கொண்டே நேற்றையதை முழுக்கச் சாமுவேலிடம் சொன்னேன், செட்டிங் தாளையும் காட்டினேன். அவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. சும்மா பார்த்தார்.

"இது இன்னா அஞ்சு கமா முப்பது?"

"நம்ம நேரம். அஞ்சரை மணி."

"அவரு கமான்றது நம்ம புள்ளிதானே. அஞ்சு புள்ளி மூணா இல்ல ஆகுது. ஓவர்டைம் ஷீட்ல புதுசா வர்ற கிளார்க்கு இப்படித்தான் எழுதுவான். அஞ்சரைன்னா அஞ்சு புள்ளி அஞ்சு போடணும்."

தோசை கல்லில் கருகியது. தாளைத் திருப்பிப் பின்பக்கம் கணக்கு போட்டேன். அஞ்சரைக்கும் அஞ்சு புள்ளி மூன்றுக்கும் பன்னிரண்டு நிமிடம். வானம் ஒரு மணிக்குப் பதினைந்து டிகிரி சுற்றும். பன்னிரண்டு நிமிடத்துக்கு மூன்று டிகிரி.

மூன்று. மேற்குப் பக்கம். அதனால்தான் மேற்கே இருப்பதற்குக் கீழே போனது, கிழக்கே இருப்பதற்கு மேலே போனது. இரண்டும் ஒரே தப்பு.

கல்லூரியில் நஸ்ரீன் என் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை. லேபிலேயே இருந்தாள். போய்ச் சொல்லவில்லை. முதலில் நிச்சயம் வேண்டும் எனக்கு.

மாலை தனியாக ஏற்றினேன். வாட்ச்மேன் ஒரு கை பிடித்தார். இன்று தெளிவு. பிறையைத் தேடவே வேண்டாம், மேற்கே எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. கீழே தெருவில் பேச்சுக் குரல், எல்லாரும் மாடிகளில்.

5,5 போட்டேன். சுக்கிரனைக் காட்டவில்லை, எதையும் காட்டவில்லை. நேராக நிலா.

நடுவில். கேமரா கட்டத்தில் கால்மணி நேரம் அசையாமல் நின்றது. டிக் சரி, மோட்டார் சரி.

அப்படியானால் நேற்று நகர்ந்தது நிலா இல்லை. குழாய் நிலாவுக்கு மூன்று டிகிரி கீழே, மலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. அவள் சாட்சி சொல்கிறேன் என்றாள்.

24, சனி

ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னேன். தாளை மேசையில் வைத்தேன். பிசிக்ஸ்காரி, இரண்டு வரிக்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அஞ்சு புள்ளி மூணு" என்றாள்.

"நான் போட்ட நம்பர் நஸ்ரீன். தப்பு என்னுது."

"நம்பர் உன்னுது. பாத்தேன்னு சொன்னது நான்." பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "நீ தெரியலன்னு சொன்னப்ப, மாமுக்கு முன்னாடி என்னைப் பொய்யின்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாளா உன் மேல அவ்ளோ கோவம்."

"நான் அப்படி நெனச்சு சொல்லல."

"தெரியும். இப்ப தெரியும்." பேனாவை வைத்தாள். "அப்ப நான் பாத்தது இன்னா?"

அது எனக்கும் தெரியாது.

மத்தியானம் அவளே வந்தாள். அந்த அஞ்சு கமா முப்பதைத் திரும்பப் போடு, ப்ரோக்ராம் கடிகாரத்தை வியாழன் 6.25க்குத் திருப்பு, அன்றைக்குப் போன அதே இடத்துக்குக் குழாய் போகட்டும், அங்கேயே மோட்டாரை நிறுத்து என்றாள். நல்ல யோசனை. எனக்கு வந்திருக்க வேண்டும்.

மாலை ஐந்து மணி வெயிலிலேயே பார்த்துவிட்டோம், சூரியன் அங்கிருந்து தள்ளித்தான் இருந்தது, மூடியில் சின்னத் துளை மட்டும் விட்டு. மலை முகட்டில் இரண்டு மின்கோபுரம். நடுவே ஒரு கம்பி, தொய்ந்து.

நஸ்ரீன் நேராகக் கீழே போய் ஆபீஸ் போனில் மாமாவைக் கூப்பிட்டாள். எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை 'கல்தி'. தப்பு. ஞாயிறு அவருக்கு வேலை, திங்கள் வருகிறாராம்.

"நீயேன் சொல்லணும், அதான் முடிவு மாறலயே" என்று கேட்டேன்.

"நான் சொல்லலன்னா அடுத்த தடவை நான் பாத்தேன்னு சொல்றப்ப என்னையே நான் நம்ப மாட்டேன்" என்றாள்.

26, திங்கள்

காலை கொடியேற்றம், மிட்டாய். மாலை மாடி. ரஹீம் பாய் மட்டும் வந்தார்.

குழாய் மலையைப் பார்த்து நின்றது. நஸ்ரீன் சொன்னாள், தமிழில், என் காதிலும் விழட்டும் என்றுதானோ: "மாமு, நான் பிறைன்னு சொன்னது இது."

அவர் குனிந்தார். முழங்காலில் கை வைத்துக்கொண்டார். அப்போது இன்னும் வெளிச்சம், கோபுரம், கம்பி எல்லாம் தெரிந்திருக்கும். நிமிர்வார் என்று நினைத்தேன். நிமிரவில்லை. ஸ்டூல் போட்டேன், உட்கார்ந்தார். பாங்குக்கு எழுந்து தொழுதுவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்.

இருட்ட இருட்டக் கோபுரங்கள் மலையோடு கலந்துவிட்டன. நான் எட்டிப் பார்த்தபோது கம்பியின் இரண்டு முனையும் மறைந்து, நடுவில் தொய்ந்த துண்டு மட்டும் மேற்கு வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு. மெல்லிசாக. வளைந்து. தெரிந்தே பார்த்தும் எனக்குப் பிறையாகத்தான் இருந்தது.

பாய் நஸ்ரீனிடம் உருதுவில் பேசினார். நிதானமாக, நிறைய. அவள் துப்பட்டா முனையால் முகத்தைத் துடைத்தாள். நான் சிவப்புக் குறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு என்னிடம்: "டீச்சர், அடுத்த மாசம் இருபத்தொம்பதுக்கும் இங்கதான் வர்றோம். பிரின்ஸிபல்கிட்ட நான் பேசிக்கிறேன். முதல்ல நஸ்ரீன் பாக்கட்டும், அப்பறம் நாங்க."

"மத்தவங்க ஒத்துக்குவாங்களா பாய்?"

"வியாழக்கிழம நடந்தத அவளையே சொல்லச் சொல்லியிருக்கேன். வெள்ளிக்கிழம தொழுகைக்கு அப்பறம் கமிட்டி எங்க வீட்டுக்கு வருது. அவ சொல்லுவா. அப்பறம் பாத்துக்கலாம்."

படியில் இறங்கும்போது நஸ்ரீனிடம் கேட்டேன், அவர் என்ன சொன்னார் என்று. "அப்பறம் சொல்றேன்" என்றாள்.

27, செவ்வாய்

இன்னும் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்டாள். வந்ததும் என் மேசைக் காலண்டரைப் புரட்டி விரல் வைத்து எண்ணினாள். அடுத்த இருபத்தொன்பது பிப்ரவரி 21, சனிக்கிழமை.

சனி மாலை எனக்கு கொயர் பயிற்சி. ஆயரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. செங்கல் மேலே வைத்த அடித்தோல் நசுங்கியிருக்கிறது, இன்னும் இரண்டு துண்டு வேண்டும்.